கொட்டு கேட்க எங்கிருந்து தொடங்குவது? மிருதங்கம், செண்டை, டிரம் செட், கூட்டுத் தாளம்

கடந்த சில மாதங்களில் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள்.

முதலாமவர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருக்கும் ஒரு அம்மா. அவருடைய பத்து வயதுப் பையன் கோயில் ஆசானிடம் செண்டை என்ற கேரளக் கொட்டைப் பழகுகிறான். இன்னும் செண்டை கைக்கு வரவில்லை, கல்லின் மேல் புளிமுட்டி என்ற புளியமரக் குச்சியால் தட்டும் கட்டம்தான். "வீட்டுல அவன் காதுல எதைப் போடட்டுங்கண்ணா? மேளத்தையேவா, மிருதங்கமும் கேக்கலாமா?" என்றார். இரண்டாமவர் வேலந்தாவளத்தில் சர்ச்சில் டிரம் செட் வாசிக்கும் இளைஞர். போனில் தினமும் வேகமான டிரம் சோலோக்களைப் பார்த்துவிட்டு, தன் கை மட்டும் ஏன் முன்னேறவில்லை என்று வருந்துகிறார். மூன்றாமவர் சித்தூரில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். வாழ்நாள் முழுக்கப் பாட்டைக் கேட்டவர், கொட்டைத் தனியாகக் கவனித்ததில்லை. "இனிமேலாவது அதைக் கேட்டுப் பழகணும் தம்பி, எந்த ரெக்கார்டுல ஆரம்பிக்கறது?" என்றார்.

பாலக்காட்டுக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவில் வாழும் நமக்கு இந்தத் தேர்வு சுலபமில்லை. ஒரு பக்கம் கல்பாத்திக் கச்சேரி, இன்னொரு பக்கம் வேலை, பூரம் என்ற கேரளக் கோயில் திருவிழாக்களில் முழங்கும் மேளம், கையில் உலகத்து ஆல்பங்கள் எல்லாம் அடங்கிய போன். எல்லாமே கிடைக்கிறது என்பதாலேயே எதையும் முழுசாகக் கேட்காமல் போகிறது. அதனால் நான்கு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

## எதை வைத்து அளப்பது

வேகத்தை அளவுகோலாக வைக்கவில்லை. வேகம் முதல் தடவை வாயைப் பிளக்க வைக்கும், மூன்றாவது தடவை அலுத்துவிடும். நான் பார்ப்பது நான்கு விஷயங்கள்.

முதலாவதும் முக்கியமானதும்: கணக்கைப் பிடித்திருப்பவர் காதில் விழுகிறாரா? நல்ல கொட்டு எதுவானாலும் ஒருவர் தாளத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பார், இன்னொருவர் அதன் மேல் விளையாடுவார். அந்த விளையாட்டின் அழகு தெரிய வேண்டுமானால், பிடித்திருப்பவர் நமக்குத் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் வாசிப்பவர் எங்கே விலகினார், எப்படித் திரும்பி வந்து தாளச் சுற்றின் முதல் அடியான சமத்தில் விழுந்தார் என்பது புரியாது. சத்தம் மட்டும்தான் மிஞ்சும்.

இரண்டாவது, நம்மிடம் இருக்கும் போனிலோ ஸ்பீக்கரிலோ கொட்டு முழுசாகக் கேட்கிறதா? மூன்றாவது, பத்தாவது தடவையும் புதிதாக ஏதாவது கிடைக்கிறதா? நான்காவது, கேட்டது கைக்கும் வாய்க்கும் வருமா, அதாவது தக, தகிட என்பதுபோலச் சொற்கட்டாக வாயால் சொல்லிப் பார்க்க முடியுமா? இவற்றோடு காசு, நேரம், முன்னறிவு என்று ஒவ்வொன்றுக்கும் வெளியில் தெரியாத செலவு இருக்கிறது. அதையும் சொல்கிறேன்.

## மிருதங்கம்: மணி ஐயரைப் பாட்டோடு கேட்பது

நம் ஊர்ப் பக்கம் கொட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் பாலக்காடு மணி ஐயரில்தான் போய் நிற்கும். 1912-இல் பிறந்து 1981-இல் மறைந்தவர். பாலக்காட்டில் சாத்தபுரம் சுப்பையரிடமும் பிறகு தஞ்சாவூர் வைத்தியநாத ஐயரிடமும் கற்றவர். 1966-இல் அவருக்குச் சங்கீத கலாநிதி பட்டம் கிடைத்தபோதுதான், அந்தப் பட்டம் முதல்முறையாக ஒரு மிருதங்கக்காரரிடம் வந்தது.

அவருடைய வாசிப்பைக் கேட்க நினைப்பவர்கள் நேரே கச்சேரியில் மிருதங்கம் தனித்து வாசிக்கும் தனி ஆவர்த்தனத்துக்குப் போகிறார்கள். ஆரம்பிப்பவர்களுக்கு அது சரியான இடமில்லை என்று நான் நினைக்கிறேன். தனியின்போது தாளத்தைப் பிடித்திருப்பவர் பாடகர். அவர் கையால் போடுகிறார். சபையில் உட்கார்ந்திருந்தால் அந்தக் கை கண்ணுக்குத் தெரியும், ரெக்கார்டில் அது இல்லை. கணக்கு எங்கே ஓடுகிறது என்று தெரியாமல் பத்து நிமிடம் கேட்டால் எவ்வளவு ஆர்வம் உள்ளவருக்கும் பிடி நழுவிவிடும். தனி தொடங்கியதும் காபிக்கு எழுந்து போகிறவர்கள் எல்லோரும் ரசனை இல்லாதவர்கள் அல்ல. கையைப் பார்க்க யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

பாட்டுக்கு அவர் வாசிப்பதைக் கேட்டால் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே பாட்டே தாளத்தைப் பிடித்திருக்கிறது. அரியக்குடி, செம்பை, கே.வி. நாராயணசாமி ஆகிய பாடகர்களுக்கு மணி ஐயர் வாசித்த கச்சேரிப் பதிவுகள் இணையத்தில் கிடைக்கின்றன. தெரிந்த கீர்த்தனை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பல்லவியின் எடுப்பில் அவர் எப்போது சேருகிறார், எந்தச் சங்கதிக்கு (ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் விதம்) தட்டுகளைக் கூட்டுகிறார், எங்கே கையை எடுத்துவிட்டுச் சும்மா இருக்கிறார் என்று மட்டும் கவனியுங்கள். அந்தச் சும்மா இருக்கும் இடங்கள்தான் எனக்குப் பெரிய பாடம். பாடகர் ஒரு வார்த்தையில் நிற்கிறார், மிருதங்கம் அடங்குகிறது, அடுத்த அடியில் தொப்பியில் (மிருதங்கத்தின் கனத்த நாதம் தரும் இடது முகம்) ஒரே ஒரு தட்டு விழுகிறது. பாட்டின் பொருளே அந்த ஒரு தட்டில் மாறிவிடும்.

மறைவான செலவு இரண்டு. பதிவுகள் பழையவை, இரைச்சல் உண்டு. மணி ஐயருக்கு மைக்கே பிடிக்காது, மைக் வைத்தால் வாசிக்க மாட்டேன் என்று உறுதியாக இருந்த காலமும் உண்டு. அதனால் மிருதங்கம் முன்னால் நிற்கும் இன்றைய ஒலிப்பதிவை எதிர்பார்க்கக் கூடாது.

இன்னொரு செலவு நம் கருவியால் வருவது. மிருதங்கத்தின் வலது முகமான வலந்தலை போன் ஸ்பீக்கரிலும் கேட்கும், தொப்பி கேட்காது. நான் ஒரு சின்ன ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு இரண்டு வருடம் கேட்டேன். ஒரு நவம்பர் மாதம் கல்பாத்தி தேர்த்திருவிழாவை ஒட்டிய கச்சேரியில் மேடைக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. ரவை அப்பிய தொப்பியிலிருந்து குமுக்கி என்ற கனத்த நாதம் எழும்பி அடிவயிற்றில் வந்து தொட்டபோதுதான், அதுவரை வாத்தியத்தில் பாதியை மட்டும் கேட்டிருந்தது தெரிந்தது. வீட்டுக்கு வந்ததும் ஹெட்போன் வாங்கினேன். விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை, காதை மூடும் வகையாக இருந்தால் போதும்.

மணி ஐயருக்குப் பின் பழனி சுப்பிரமணிய பிள்ளையைக் கேளுங்கள். இடது கைக்காரர், தொப்பியைப் பேசவைத்தவர். மணி ஐயரின் சீடர் பாலக்காடு ரகுவையும் கேளுங்கள். கணக்கில் ருசி உள்ளவர்களுக்கு ரகு தீராத விருந்து.

## செண்டை: நேரில் ஒன்று, பதிவில் வேறொன்று

செண்டையை ஒரே தலைப்பில் அடக்கக் கூடாது. பலர் சேர்ந்து வாசிக்கும் மேளம் வேறு, ஒருவர் முன்னின்று வாசிக்கும் தாயம்பகை வேறு. இந்தத் தேர்வுக்கு அந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம்.

பஞ்சாரி மேளத்தை எடுத்துக்கொள்வோம். ஆறு அட்சரத் தாளம், அதாவது ஆறு எண்ணிக்கை. முதல் காலம், அதாவது முதல் கட்டம், ஒரு சுற்றுக்கு 96 அட்சரத்தில் மெதுவாகத் தொடங்கும். பிறகு 48, 24, 12, கடைசியாக 6. ஒவ்வொரு காலத்திலும் சுற்று பாதியாகக் குறுகிக்கொண்டே வரும், ஓட்டம் ஏறிக்கொண்டே வரும். முதல் காலத்தில் நிற்கும்போது எதற்காகக் காத்திருக்கிறோம் என்றே தெரியாது. ஐந்தாவது காலத்தில் நிற்கவே முடியாது. இங்கே கணக்கைப் பிடித்திருப்பது யார்? பின்வரிசையில் வலந்தலைக்காரர்கள் (செண்டையின் தாங்கும் பக்கத்தை வாசிப்பவர்கள்), இலைத்தாளம் என்ற கைத்தாளம் தட்டுபவர்கள், அப்புறம் நம் பக்கத்தில் நிற்கும் ஜனம். திருச்சூர் பூரத்தின் இலஞ்சித்தற மேளத்தில் (அது பாண்டி மேளம், ஏழு அட்சரம்) ஆயிரக்கணக்கான கைகள் ஒரே அடியில் மேலே எழுவதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். முன்பின் தாளம் தெரியாதவரும் பக்கத்து ஆளின் கையைப் பார்த்தே சமத்தைக் கண்டுபிடித்துவிடுவார்.

பதிவில் அந்தக் கைகள் இல்லை. போதாததற்கு அவ்வளவு செண்டைகளின் சத்தத்தைப் போன் மைக் தாங்காது, எல்லாம் சேர்ந்து ஒரே இரைச்சலாகப் பதியும். ஆகவே மேளத்தை ரெக்கார்டில் தொடங்காதீர்கள். நெம்மாறை வல்லங்கி வேலை என்ற திருவிழா ஏப்ரலில் வருகிறது. அதுவரை காத்திருக்க வேண்டியதும் இல்லை, நம் பக்கத்துச் சின்னக் கோயில் திருவிழாவிலேயே நல்ல மேளம் கிடைக்கும். டிக்கெட் கிடையாது. செலவு வேறு வகையில் வரும்: இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெயிலில் நிற்க வேண்டும், காதுக்கும் வேலை. சின்னக் குழந்தைகளைச் செண்டை வரிசைக்கு நேர் முன்னால் நிறுத்த வேண்டாம். கொஞ்சம் தள்ளிப் பக்கவாட்டில் நின்றால் இலைத்தாளமும் தெளிவாகக் கேட்கும், காதும் பிழைக்கும்.

தாயம்பகை அப்படியல்ல. முன்னால் நிற்பவர் ஒருவர் தன் கற்பனையை வாசிக்க, பின்னால் வலந்தலையும் இலைத்தாளமும் தாளத்தைப் பிடித்திருக்கும். பதிகாலம், கூறு, இடவட்டம், இடநிலை, கடைசியில் இரிகிட என்று படிப்படியாக ஏறும். முழுசாகக் கேட்க ஒன்றரை மணி நேரம் ஒதுக்க வேண்டும். வாசிப்பவர் ஒருவர், தாளமும் தெளிவாகக் காதில் விழுகிறது என்பதால் இதை வீட்டில் ரெக்கார்டாகவே கேட்கலாம். மட்டன்னூர் சங்கரன்குட்டியின் தாயம்பகைகள் நிறையக் கிடைக்கின்றன. நம் ஊருக்குப் பக்கத்திலேயே பல்லாவூர் இருக்கிறது. அப்பு மாரார், மணியன் மாரார், குஞ்ஞுகுட்ட மாரார் என்ற மூன்று சகோதரர்களின் ஊர். அவர்களுடைய பழைய பதிவு எங்கே கிடைத்தாலும் விடாதீர்கள்.

மிருதங்கம் பழகியவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மிருதங்கத்தில் உயர்ந்த நாதம் பேசுவது வலந்தலை. செண்டையில் இடந்தலைதான் பேசும், வலந்தலை தாங்கும். பெயர் ஒன்றுதான், வேலை நேர் எதிர். முதலில் எனக்கு இது குழப்பமாக இருந்தது.

ஐந்து வகை வாத்தியங்கள் சேரும் கேரளப் பஞ்சவாத்தியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் இன்றைய வடிவத்தை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் மத்தளக்காரர் திருவில்வாமலை வெங்கிச்சன் சுவாமி. அவர் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். எல்லைக்கு இந்தப் பக்கம் கொட்டு யாருடையது என்று யாராவது வாதம் செய்தால், நான் அவர் பெயரைச் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன்.

(தவிலை இதில் சேர்க்கவில்லை. அதை நாகசுரத்தோடு வைத்துத் தனியாகத்தான் எழுத வேண்டும்.)

## டிரம் செட்: மூன்று ஆல்பங்கள் போதும்

மேல்நாட்டு டிரம்ஸ் என்றதும் பட்டியல் நீண்டுகொண்டே போகும். நான் மூன்றோடு நிறுத்துகிறேன்.

டைம் அவுட் (1959). டேவ் புரூபெக் குவார்டெட் என்ற ஜாஸ் குழு, டிரம்ஸ் ஜோ மோரெல்லோ. இதில் வரும் "டேக் ஃபைவ்" ஐந்து எண்ணிக்கையில் ஓடுகிறது. நமக்கு ஐந்து எண்ணிக்கைத் தாளமான கண்ட சாபு பழக்கம், அது தக தகிட. டேக் ஃபைவ் அதைத் திருப்பிப் போட்டது: தகிட தக. வாயால் சொல்லிக்கொண்டே கேளுங்கள், ஒரு நிமிடத்தில் பிடிபட்டுவிடும். மோரெல்லோ தனியாக வாசிக்கும்போதும் புரூபெக்கின் பியானோ அந்தத் தகிட தக-வை விடாமல் வாசித்துக்கொண்டே இருக்கிறது. தாயம்பகையில் வலந்தலை செய்யும் அதே வேலை. அந்தத் துணையை நம்பி மோரெல்லோ எவ்வளவு இடைவெளி விடுகிறார் என்று பாருங்கள். அவர் அவசரப்படவே இல்லை. அதே ஆல்பத்தின் முதல் பாட்டு "ப்ளூ ராண்டோ அலா டர்க்" ஒன்பது எண்ணிக்கை. மூன்று முறை தக தக தக தகிட, நான்காவது முறை தகிட தகிட தகிட. துருக்கியில் தெரு வாத்தியக்காரர்கள் வாசித்ததைக் கேட்டு புரூபெக் எழுதியது. கொன்னக்கோல் (தாளச் சொற்களை வாயால் சொல்லும் கலை) கொஞ்சம் தெரிந்த எவருக்கும் இந்த ஆல்பம் சொந்தக்காரர் வீடு மாதிரி இருக்கும்.

லெட் செப்பலின் ராக் குழுவின் நான்காவது ஆல்பம் (1971). டிரம்ஸ் ஜான் போனம். கடைசிப் பாட்டான "வென் த லெவீ பிரேக்ஸ்" மட்டும் போதும். இங்கிலாந்தில் ஒரு பழைய பெரிய வீட்டில், மாடிப்படிக்குக் கீழே கூடத்தில் டிரம் செட்டை வைத்து, மேலே மைக்குகளைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தார்கள். அந்த வீட்டின் சுவரும் படியும் சேர்ந்து பேசும் ஒலி அது. இங்கே கணக்கைப் பிடித்திருப்பதும் விளையாடுவதும் ஒரே ஆள். வேகம் கிடையாது, கனம் மட்டும். சர்ச்சிலோ மேடையிலோ பாட்டுக்கு வாசிக்கிறவர்கள் இதைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

எ லவ் சுப்ரீம். ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் குழு 1964 டிசம்பரில் பதிவு செய்தது, டிரம்ஸ் எல்வின் ஜோன்ஸ். மொத்தமே 33 நிமிடம் அளவில்தான். தொடக்கத்தில் பேஸ் வாத்தியத்தின் நான்கு சுரத் துண்டு நம் கையைப் பிடித்துக் கூட்டிப்போகும். போகப் போக யாரும் கணக்கை வெளிப்படையாகச் சொல்ல மாட்டார்கள். எல்வினின் கை மூன்று மூன்றாக உருண்டுகொண்டே இருக்கும், சமம் எங்கே என்று நாம்தான் உணர வேண்டும். இதை முதலில் கேட்டால் புரியாது. ஆறு மாதம் கழித்துக் கேட்டால் விட மனம் வராது.

மறைவான செலவு, சோலோ மோகம். பாட்டிலிருந்து டிரம்ஸை வெட்டி எடுத்த சின்ன வீடியோக்கள் இந்த வாத்தியத்துக்குத்தான் அதிகம். அவை யாரோடும் சேர்ந்து வாசிக்கச் சொல்லித்தருவதில்லை. ஆல்பத்தை முதலிலிருந்து கடைசி வரை கேட்கும் பழக்கம் இல்லாதவர்களுக்கு இந்த வழி வீண்.

## கூட்டுத் தாளம்: சக்தி, பிளானட் டிரம்

கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லினின் சக்தி குழுவில் தபலா ஜாகிர் ஹுசேன், கடம் விக்கு விநாயக்ராம். 1976-இல் வெளிவந்த முதல் ஆல்பம் மேடைப் பதிவு, அதில் ராமநாதபுரம் ராகவனின் மிருதங்கமும் உண்டு. அடுத்து வந்த "எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி"யில் ஒரு பாட்டு கொன்னக்கோலிலேயே தொடங்குகிறது. 1991-இல் அமெரிக்க டிரம்மர் மிக்கி ஹார்ட் கூட்டிய "பிளானட் டிரம்" ஆல்பத்திலும் ஜாகிரும் விக்குவும் இருக்கிறார்கள், ஆப்பிரிக்க, லத்தீன் கொட்டுக்காரர்களோடு. கிராமி விருது பெற்ற ஆல்பம் அது.

மெய்சிலிர்க்க வைப்பதில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் தொடக்கத்துக்கு இதை நான் சொல்ல மாட்டேன். எல்லோரும் ஒரே சமயத்தில் விளையாடுகிறார்கள், கணக்கு அவர்கள் மனதுக்குள் ஓடுகிறது. எது கடம், எது தபலா என்று பிரித்துக் கேட்கக் காது தயாராக இருக்க வேண்டும். அந்தத் தயாரிப்பு இருந்தால், விக்குவின் கடம் பானை வயிற்றிலிருந்து எழுப்பும் அந்தக் கீழ் நாதம் ஜாகிரின் டக்காவுக்கு (தபலா ஜோடியில் கனத்த நாதம் தரும் பெரிய கொட்டு) பதில் சொல்வது தனியாகக் கேட்கும். 2024 டிசம்பரில் ஜாகிர் மறைந்த செய்தி வந்த இரவு நான் அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

## ஒரே பார்வையில்

| | மிருதங்கம் (பாட்டோடு) | செண்டை | டிரம் செட் | கூட்டுத் தாளம் |
|---|---|---|---|---|
| கணக்கைப் பிடிப்பது | பாட்டு | இலைத்தாளம், வலந்தலை. மேளத்தில் ஜனமும் | பியானோ, பேஸ் அல்லது டிரம்ஸே | உள்ளுக்குள் ஓடுகிறது |
| போனில் கேட்கலாமா | ஹெட்போன் வேண்டும் | தாயம்பகை சரி, மேளம் நேரில்தான் | ஹெட்போன் நல்லது | ஹெட்போன் கட்டாயம் |
| பத்தாவது முறை | ஒவ்வொரு சங்கதியிலும் புதிது | மேளம் நேரில் ஒவ்வொரு முறையும் வேறு | ஆல்பத்தைப் பொறுத்தது | பழகியபின் மிக அதிகம் |
| கைக்கு வருமா | மெதுவாக | பழகுபவருக்கு உடனே | டைம் அவுட் வாய்க்கு உடனே வரும் | சிரமம் |
| மறைவான செலவு | பழைய பதிவின் இரைச்சல், ஹெட்போன். பாட்டும் தெரிந்திருக்க வேண்டும் | நேரம், வெயில், காது | சோலோ மோகம் | முன்பழக்கம் |

## யாருக்கு எதைச் சொன்னேன்

ஆசிரியருக்கு முதலில் டைம் அவுட் என்றேன். அவருக்கு ஆச்சரியம், மணி ஐயரைச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருக்கிறார். ஆனால் இதுவரை தாளமே போட்டுப் பார்க்காதவருக்குப் பிடி சீக்கிரம் கிடைப்பது அங்கேதான். இரண்டு வாரம் தகிட தக சொல்லிப் பழகிவிட்டு, தெரிந்த கீர்த்தனை ஒன்றோடு மணி ஐயரிடம் வரச் சொல்லியிருக்கிறேன். வீட்டில் சின்ன வயதிலிருந்தே கீர்த்தனை கேட்டு வளர்ந்தவர் என்றால் டைம் அவுட்டைத் தாண்டிவிட்டு நேரே மணி ஐயரிடமே போகலாம்.

சர்ச் இளைஞருக்கு ஒரு மாதம் போனம் மட்டும். கூடவே வாசிக்க வேண்டும், அவர் வாசிப்பதற்கு மேல் ஒரு தட்டும் கூட்டக் கூடாது. அது அலுக்கிறது என்று சொன்னால் இன்னும் ஒரு மாதம். எல்வின் ஜோன்ஸ் அதற்கப்புறம்.

செண்டைப் பையன் விஷயத்தில்தான் அதிகம் யோசித்தேன். அவன் கை இப்போது ஆசானின் கையைப் பார்த்து உருவாகிறது, அதற்குக் குறுக்கே எதையும் போடக் கூடாது. வீட்டில் தாயம்பகையின் பதிகாலம் மட்டும் போடுங்கள், இரிகிட வேண்டாம் என்றேன். அதைக் கேட்டால் நாளைக்கே அந்த வேகத்தில் தட்டப் பார்ப்பான், மணிக்கட்டு கெட்டுவிடும். திருவிழாவில் ஐந்து காலமும் நின்று கேட்கட்டும், வலந்தலைக்காரர்களின் கையைப் பார்த்தபடி. மிருதங்கம் கேட்கலாமா என்று கேட்டதற்குத் தாராளமாகக் கேட்கலாம், ஆனால் ஆசானிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு என்றேன்.

போன வாரம் அந்த அம்மா திரும்பக் கூப்பிட்டார். ஆசான் சரி என்று சொல்லிவிட்டாராம், மணி ஐயரைத் தானும் சேர்ந்து கேட்க ஒரு நாள் வீட்டுக்கு வருகிறாராம். தொப்பி கேட்கிற மாதிரி ஒரு ஹெட்போன் எவ்வளவு ஆகும் என்று விசாரித்தார். வீட்டில் என்னிடம் இன்னொன்று இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.